பாட்டுக்குப் போகலாமா?

காட்டூரை விட்டு வெகுதூரம் நடந்திருந்தேன். செருப்பு வார் வழியிலேயே அறுந்துபோனதால் இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தார் ரோட்டின் ஓரத்தில் புல் இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கால் வைத்தேன். காட்டூர்ப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவல்காரனாக இருந்தேன். குளத்தில் நோய் விழுந்து இறால் முழுக்கச் செத்து மிதந்தது. முதலாளி வந்தார். குளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இனிமே எத்த காவல் காக்கப் போற?" என்றார். நியாயமான கேள்வி. கிளம்பிவிட்டேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் ஒரு செங்கல் சூளையை விட்டு வந்தேன், அதற்கும் முன்னால் ஓர் அரிசி ஆலையை.

வயிறுதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது. பட்டினி எனக்குப் பழக்கம். முதலில் வலிக்கும், பிறகு கோபம் வரும், அதையும் தாண்டினால் தலைக்குள் ஒரு மாதிரி வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சத்தைத்தான் சிலபேர் தரிசனம் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

திருப்பாலைவனம் என்ற பெயர்ப்பலகை தெரிந்த இடத்தில் பின்னாலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி. "சாத்தானின் கோட்டைகள் தகரும் நாள்! இருளின் சேனைகளுக்கு எதிரான மாபெரும் யுத்த ஜெபம்! உபவாசக் கூட்டம்! இன்று மாலை! அனைவரும் வாரீர்!" என்று அது முழங்கிக்கொண்டிருந்தது. கட்டியிருந்த கயிறு தளர்ந்து குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் அழைப்பு முழுவதும் நெல் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கொக்குகள் மட்டும் கேட்டன.

ஆட்டோ என் பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"அண்ணே, எங்க போற?"

"தெரியல."

"அப்ப நம்ம ரூட்டுதான். ஏறு. மேல கீற கொழாய ஒரு கையால புட்ச்சிகினு வா."

ஏறினேன். பின் சீட்டில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் இருந்தார். மடியில் பெரிய பிளாஸ்க். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்தக் கூட்டத்துக்காகவே வரவழைக்கப்பட்ட பிரசங்கியார். பிசாசுகளோடு போரிடுவதில் பேர் வாங்கியவர் என்று டிரைவர் எனக்குச் சொன்னான். அவர் காதில் விழும்படித்தான் சொன்னான்.

"விசுவாசியா, பிரதர்?" என்று பிரசங்கியார் கேட்டார்.

"பாதி."

"அதென்ன பாதி?"

"மிஷன் ஆஸ்டல்ல ஏழாவது வரைக்கும் படிச்சேன். அப்புறம் ஓடிட்டேன்."

அந்த ஆஸ்டலில் வசனம் ஒப்பித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை முட்டை. எனக்குக் கொஞ்சம் வேதம் தெரியும் என்றால் அந்தப் புண்ணியம் கோழிகளைச் சேரும்.

பிரசங்கியார் வெளியே கையைக் காட்டினார். "ஆண்டவர் வனாந்தரத்துல சோதிக்கப்பட்டார். இந்த ஊர் பேரைப் பாத்தீங்களா? பாலைவனம்! தற்செயல்னு நினைக்கீங்களா?" கை காட்டிய திசையில் கணுக்கால் தண்ணீரில் பச்சைப்பசேல் என்று நாற்று நின்றது. சோதனை என்றால் எனக்கு வயிற்றைத்தான் தெரியும். ஆண்டவரிடம் சாத்தான் முதலில் கல்லை அப்பமாக்கச் சொன்னான், பிறகு ஆலயத்து உச்சிக்குக் கூட்டிப்போனான், கடைசியில் உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டினான். என்னிடம் வருகிறவன் அப்பத்தைத் தாண்டியதே இல்லை. ராஜ்யங்களைக் காட்டும் அலைச்சல் அவனுக்கு மிச்சம்.

"கூட்டத்துல சாப்பாடு போடுவாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"மூணு நாள் உபவாசக் கூட்டம், பிரதர். நாளைக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முடிச்சு பிரியாணி. நீங்க சாப்பிட்டாச்சா?"

"நேத்து."

"அல்லேலூயா!" என்று என் தோளில் தட்டினார். "சொல்லாமலே உபவாசத்துல வந்திருக்கீங்க! இதுதான் அழைப்பு!"

அந்த நிமிஷம்வரை என் பட்டினிக்குக் காரணம் இறாலுக்கு வந்த நோய். இப்போது அது பக்தியாகிவிட்டது. மைக், ஒயர், பெட்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள்.

தோணிரேவு என்ற ஊரையும் தாண்டி ஏரியோரத்தில் ஒரு குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் முழுக்க அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஓரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு. அதற்கென்று நிரந்தரப் பாஸ்டர் கிடையாது. வருகிறவர்கள் முழுக்கப் பெண்கள். ஒரே ஓர் ஆண் மட்டும் உண்டு. அவர் ஒரு மீனவர், போன வருஷம் சேர்ந்தவர். அந்த ஒருவருக்காகத்தான் சாத்தானும் பிரசங்கியாரும் அந்த மூன்று நாளும் இழுபறி நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குக் குழாயடியில் தெரிந்தது.

தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பலாம் என்று அங்கே போனேன். ஒரு பெண் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற வேகத்தில் பாத்திரம் தேய்ந்துவிடும் போலிருந்தது.

"பாட்டுக்குப் போவ மாட்டேன்னு உள்ள உக்காந்துகினு கீறாரு! நான் இன்னா பண்ணுவேன், சொல்லு!" என்று பக்கத்திலிருந்தவளிடம் கத்தினாள்.

கூட்டத்தில் பாடுவதற்கு யாரோ கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தேன். "விடும்மா. பாட வராதவங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது."

அவள் கையிலிருந்த சட்டி நின்றது. "இன்னாது?"

"பாட்டுன்னு சொன்னியேம்மா."

"பாட்டு இல்லய்யா, பாடு! பாடு!"

"எனக்கும் பாட வராதும்மா."

குழாயடியே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள்தான் எனக்குப் புரியவைத்தார்கள். ஏரி பெரிது, ஆனால் இறால் நன்றாக விழுகிற இடங்கள் அது கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் கொஞ்சம்தான். அந்த இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் பாடு வரும் நாளில் விடிவதற்குள் வலையோடும் ஆளோடும் கரையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும். சுற்று முடிந்து மறுபடி தன் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் மணல் அடைத்து முகத்துவாரம் மூடிக்கொண்டால் அந்தப் பருவமே போச்சு.

ஜெப வீட்டுக்கு வரும் அந்த ஒரே ஆண் இவள் புருஷன்தான்; அவருடைய பாடு போன வியாழக்கிழமை வந்திருக்க வேண்டியது. ஊரில் ஒரு கிழவர் செத்து, யாரும் தண்ணீரில் இறங்காமல் இருந்ததில் முறை தள்ளிக்கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை விடியலில் விழுந்தது. அதற்குள் வெள்ளிக்கிழமை ராத்திரி பிரசங்கியார் மைக்கை நீட்ட, அந்த மனிதர் உருகிப்போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை உபவாசம் இருப்பேன், தொழிலைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் பொருத்தனை பண்ணிவிட்டார். கிழவருடைய சாவே சாத்தானின் ஏற்பாடு என்பது பிரசங்கியாரின் விளக்கம்.

"அந்த தாத்தா மூணு வருஷமா இஸ்துகினு கெடந்துது," என்றாள் அவள். "சாத்தானுக்கு வேற வேலையே இல்லியா?"

மத்தியானம் ஜெப வீட்டுக்குள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்த மீனவர் சுவரோரமாகச் சம்மணமிட்டிருந்தார். நல்ல ஆகிருதி, கை இரண்டும் துடுப்புகள். பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கியார் நாற்காலியில் அமர்ந்து பிளாஸ்க்கிலிருந்து ஹார்லிக்ஸ் ஊற்றிக் குடித்தார். யுத்த ஜெபத்தில் தளபதிகளுக்குத் திரவ உபவாசம் அனுமதி உண்டாம்.

"ஐயா," என்று மீனவர் எழுந்து வந்தார். "நாளிக்கு விடியகாத்தால தொழிலுக்குப் போவணும். போய்ட்டு மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன். பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டேன். உத்தரவு குடுங்க."

"கர்த்தருடைய நாள்ல தொழிலா? பொருத்தனை பண்ணியிருக்கீங்க, பிரதர்."

"ஆமாங்க. அத்தொட்டுதான் கேக்கறேன்."

"சாத்தான் எப்பவுமே சரியான நேரம் பாத்துத்தான் மீனைக் காட்டுவான்."

"மீன் இல்லீங்க, எறா."

"இறாலும்தான்! சுயம் சாகணும், பிரதர். சுயம் சாகாம ஜெயம் கிடையாது."

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. "சுயம் சாவட்டும் ஐயா, நான் வாணாங்கல. வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீது. அதுங்க இன்னா பண்ணுச்சு?"

பிரசங்கியார் அவள் பக்கம் கையை நீட்டி, கண்ணை மூடி, "இந்தப் பெண்ணுக்குள் இருந்து பேசுகிற எதிர்ப்பின் ஆவியைக் கட்டுகிறேன்! கட்டுகிறேன்!" என்று உறுமினார்.

"கட்டறதுன்னா வலைய வந்து கட்டு ஐயா. மொழங்கால் வரைக்கும் சேறு கீது, வா," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆவி அவ்வளவு வேகமாக நடந்து போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பிரசங்கியார் செல்போனை ஒரு குச்சியில் மாட்டி, உலகத்துக்கு நேரலையாகச் செய்தி கொடுக்க முயன்றார். சிக்னல் வரவில்லை. இந்தக் கரையை ஆளுகிற ஆவி டவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். போனை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனால் கிடைக்கும் என்று டிரைவர் சொன்னான். கிடைத்தது. ஆவி படகுத்துறைக்கு வருவதில்லை போலும்.

அவர் அந்தப் பக்கம் போயிருந்த நேரத்தில் மீனவரும் நானும் தனியாக இருந்தோம். பேச்சுக் கொடுத்தேன்.

"போய்ட்டு வந்துட வேண்டியதுதானே? யார் தடுக்கப் போறாங்க?"

அவர் தலையை ஆட்டினார். "குடிக்க மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணேன், ஒடச்சேன். பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்ணேன், ஒடச்சேன். எங்க நைனா சாவும்போது அது கைய புட்ச்சிகினு சொன்னேன், அன்னிக்கே ஒடச்சேன். இங்க வந்து சொன்னது ஒண்ணுதான் நிக்குது. இத்தினி மாசமா ஒரு சொட்டு தொடல. இப்ப இந்த பொருத்தனைய ஒடச்சேன்னு வெச்சிக்கோ, அப்பால அதுவும் ஒடையும். என்னப் பத்தி எனக்குத் தெரியும்ணே."

"பாடு போயிடுமே."

"தெரியும். மச்சானுக்குச் சொல்லி அனுப்சிட்டேன், நான் வரலன்னு. திட்டிகினே கும்மிடிப்பூண்டிக்கு மாமியா வூட்டுக்குப் போய்ட்டான்."

மச்சான்தான் அவரோடு படகில் போகிற ஆள். ஆளும் போய்விட்டது என்றால் அவர் தீர்மானித்துவிட்டார் என்றுதான் அர்த்தம். ஆனால் அவர் கால் பெருவிரல் தரையைக் கிண்டிக்கொண்டே இருந்தது. இருளின் சேனை, கோட்டை, பட்டயம் என்று குழாயில் எவ்வளவோ கேட்டுவிட்டேன். உண்மையான யுத்தத்தை அந்தப் பெருவிரலில்தான் பார்த்தேன். ஒரு பக்கம் போனால் வீட்டில் அடுப்பு அணையும்; இன்னொரு பக்கம் போனால் அவரே அணைந்துவிடுவார். இதில் சாத்தான் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று ஏழாவது படித்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தன்னைத்தான் வெறுத்தல் என்று ஆஸ்டலில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் தன்னை வெறுக்கிறேன் என்று கிளம்பியவன் வீட்டில் எல்லோருடைய தட்டையும் சேர்த்துப் பறித்துவிடலாமா என்று அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் முட்டை கிடைத்திருக்காது.

சாயங்காலம் கூட்டம் நிறைந்தது. விஷயம் தெரிந்து, சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண்கள்கூட வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார்கள். மீனவர் முன் வரிசையில். அவர் மனைவி கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு. பிரசங்கியார் கையில் மைக். அவர் நடக்கும் பக்கமெல்லாம் ஒயரைத் தூக்கிக்கொண்டு நடப்பது என் வேலை.

மத்தியானத்து வெற்றியைக் கெட்டிப்படுத்த வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பட்டினியின் மகிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கஷ்டம், துன்பம், வேதனை என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் தெற்கத்திச் சபைகளில் வளர்ந்தவர். துன்பத்துக்கு அவருக்கு ஒரே சொல்தான் தெரியும்.

"நம் ஆண்டவருக்கு ஒரு பாடு இருந்தது!" என்று தொடங்கினார்.

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு.

"ஆண்டவருக்கும் பாடு கீதாம்டீ."

"எந்த எடத்துல?"

"பேதுரு மீன் புட்ச்சவருதான? அவரு சங்கத்துல சேத்து வுட்ருப்பாரு."

"கிறிஸ்துவின் பாட்டிலே," என்று பிரசங்கியார் குரலை ஏற்றினார், "நமக்கும் பங்கு உண்டு!"

"பங்குகூட குடுக்கறாராம்!"

இதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு பாட்டியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து "ஆமென்!" என்றாள். ஆமென் வந்ததும் பிரசங்கியாருக்கு உற்சாகம் பிறந்தது.

"இன்றைக்கு அநேகர் பாட்டை விட்டு ஓடுகிறார்கள்! சொகுசு தேடுகிறார்கள்! உனக்கென்று குறிக்கப்பட்ட பாட்டை இன்னொருவனுக்குத் தள்ளிவிடாதே!"

"ஆமென்!" இந்தத் தடவை எல்லோரும். வாசலில் நின்ற வேடிக்கைக்காரிகளும் சேர்த்து.

"தோட்டத்திலே சீடர்கள் என்ன செய்தார்கள்? பாடு வந்த வேளையிலே தூங்கினார்கள்! நீ தூங்குவாயா?"

"தூங்க மாட்டோம்!"

முன் வரிசையில் மீனவர் தலை மெல்ல நிமிர்ந்தது. மத்தியானத்திலிருந்து தரையையே பார்த்த முகம் அது. நான் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவர் மனைவி கட்டியிருந்த கையை எடுத்துவிட்டுச் சுவரை விட்டு நகர்ந்து நின்றிருந்தாள்.

"மனைவி தடுத்தாலும், ஊர் சிரித்தாலும், வயிறு கூப்பிட்டாலும், உன் பாட்டிலே நீ நில்!"

"நான் எங்க தடுத்தேன்?" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. பிரசங்கியார் அதையும் மனந்திரும்புதலாகவே எடுத்துக்கொண்டார்.

மீனவர் எழுந்து நின்றார். "ஐயா! அப்ப நான் பாட்டுக்குப் போலாமா?"

"போகலாமாவா?" பிரசங்கியார் இறங்கி வந்து அவர் தலையில் கையை வைத்தார். மைக் அவர் நெற்றியில் இடித்து டம் என்றது. "போயே ஆகணும், பிரதர்! அதுக்குத்தானே உங்களை அழைச்சிருக்கார்! விடியும்போது உங்க பாட்டுல நீங்க நிக்கணும்!"

"உபவாசத்தோடயா ஐயா?"

"உபவாசத்தோடேதான்!"

"பொருத்தனை ஒடையாதே?"

"இதுதான் பொருத்தனை! சிஸ்டர், எங்க இருக்கீங்க? உங்க கணவருடைய பாட்டுல நீங்களும் பங்கெடுக்கணும்!"

"எடுக்காம? கூடைய கழுவி வெச்சிருக்கேன் ஐயா!"

கூட்டம் கைதட்டியது. மீனவர் தேம்பி அழுதார். பாட்டியம்மா குலவை போட்டுவிட்டு, இது அம்மன் கோயில் இல்லை என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு அக்கினி இறங்கிய கூட்டம் தன் ஊழியத்தில் இல்லை என்று பிரசங்கியார் பிறகு போனில் யாரிடமோ சொன்னார்.

மைக்கை மடக்கும்போது அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, இந்த ஊர்ல பாடுன்னா..."

"பிரதர்," என்று கையை உயர்த்தினார். "பாட்டைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க. நான் ஊழியத்துக்கு வந்ததிலிருந்து அதைத்தான் பிரசங்கிக்கேன்."

சரி என்று விட்டுவிட்டேன். ஆஸ்டலில் ஒரு கதை சொல்வார்கள். சபிக்கக் கிளம்பிய ஒரு தீர்க்கதரிசி, அவனைச் சுமந்துபோன கழுதை, வழியில் கழுதையின் வாயைக் கர்த்தர் திறந்தது, கடைசியில் சபிக்கப் போனவன் வாயிலிருந்து ஆசீர்வாதம் வந்தது. சின்ன வயதில் கழுதை பேசியதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு அந்தத் தீர்க்கதரிசியைத்தான் புரிந்தது. தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சரியானதைச் சொல்லிவிட்டுப் போகிறவனைக் கர்த்தர் வேலைக்கு வைத்துக்கொள்கிறார். தெரிந்து சொல்கிறவர்கள் கிடைப்பது கஷ்டமாக இருந்திருக்கலாம்.

மீனவருக்கு உண்மையிலேயே குழப்பம்தானா, இல்லை தெரிந்தேதான் கேட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வெளியே வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் போனேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"ஐயா சொன்னாரா, இல்லியா?"

"சொன்னார்."

"மைக்ல?"

"மைக்லதான்."

"அப்ப முடிஞ்சிது," என்றார்.

விடியும் நேரத்தில் ஜெப வீட்டுக்குள் வந்து என்னைத் தொட்டு எழுப்பியவரும் அவர்தான். மச்சானுக்குப் போன் போட்டிருக்கிறார், எடுக்கவில்லை. வேறு ஆட்களைக் கேட்டிருக்கிறார். அவரவருக்கு அவரவர் படகு. ஆளில்லாமல் கரையில் நின்றால் பாடு செல்லாது.

"அண்ணே, தண்ணின்னா பயமா?"

"நீந்தத் தெரியாது."

"இடுப்பு அளவுதான். எழுந்து வா."

கரையில் முறை பார்க்கும் பெரியவர் டார்ச்சோடு நின்றிருந்தார். பக்கத்தில் அடுத்த பாட்டுக்காரன், வலையைப் படகில் ஏற்றித் தயாராக, வாயில் பல்குச்சியோடு இருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"இன்னா மாமா, மனசு மாறிட்ச்சா? கூட ஆளு எங்க? ஏசப்பா வந்து கழி போடுவாரா?"

"வருவாரு. உன்கிட்ட கேட்டுகினு வருவாரா?" என்று மீனவர் சொல்லிவிட்டுப் பெரியவரிடம் திரும்பினார். "தோ, ஆளு."

பெரியவர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார். பிறகு காலில் அடித்தார். "யாரு இது?"

"ஜெபக் கூட்டத்துல மைக் புட்ச்சவரு."

"வலை புடிப்பாரா?"

"புடிப்பேன்," என்றேன். எதைப் பிடிக்கச் சொன்னாலும் பிடித்திருப்பேன்.

"வெளியாளு. பங்கு கெடையாது, கூலிதான். ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். பெரியவர் கிழக்கே பார்த்தார். வானம் இன்னும் வெளுக்கவில்லை. பல்குச்சிக்காரனைப் பார்த்து, "நீ நாளிக்கு வா," என்றார். அவன் குச்சியைத் துப்பிவிட்டு வலையை இறக்க ஆரம்பித்தான். மீனவர் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான் அவர் கொண்டாட்டம்.

அவர் மனைவி ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். உள்ளே பழைய சோறும், சுட்ட கருவாடும். என்னிடம் நீட்டினாள். நான் அவரைப் பார்த்தேன்.

"நீ துண்ணுணே. எனக்கு மத்தியானம் வரைக்கும் கீது," என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை முடி போட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, ஹார்லிக்ஸும் இல்லை. கருவாட்டு வாசனை அவர் மூக்குக்கும்தான் போயிருக்கும். முடிச்சை ஒருமுறை தப்பாகப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். நான் சட்டியைக் கழுவிக் குடிக்கிறவரை அவர் திரும்பவில்லை. உபவாசத்தைப் பற்றி முந்தின நாள் முழுக்கக் குழாய் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த முதுகு மறக்கவில்லை.

படகைத் தள்ளினோம். கொஞ்ச தூரம் போனதும் ஊர்ப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கிளம்பியது. பிரசங்கியார் அதிகாலை ஜெபத்துக்கு எழுந்திருக்கிறார். முதலில் தோத்திரம் சொன்னார். பிறகு, "பிரதர்? பிரதர் எங்கே?" என்றார். மைக்கை டொக் டொக் என்று தட்டினார். "சிஸ்டர்ஸ்? யாராவது இருக்கீங்களா? ஏய் டிரைவர், எங்கலே எல்லாரும்?" தண்ணீரின்மேல் அவர் குரல் தெளிவாக வந்தது. கரையில் சகோதரிகள் எல்லோரும் கூடையோடு வரிசையாக உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துவின் பாட்டில் பங்குக்கு வந்தவர்கள்.

"பாவம், தனியா கீறாரு," என்றார் மீனவர். "மத்தியானம் போயி சாட்சி சொல்லணும்."

"என்னன்னு?"

"பாட்ல நின்னேன்னு."

அவர் சிரிக்கவில்லை. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். முகத்துவாரத்தின் இரைச்சல் கேட்கும் இடத்தில் படகை நிறுத்தி, உதட்டுக்குள் ஏதோ ஜெபித்து, சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார், பின்னாலேயே நானும். தண்ணீர் அவருக்கு இடுப்பு அளவு, எனக்கு நெஞ்சு அளவு. அதை அவர் முன்னால் சொல்லவில்லை. சேறு காலைப் பிடித்து இழுத்தது. வலையை நிறுத்துவதற்குச் சுற்றிலும் கழிகள் நட வேண்டும். ஒருவன் பிடிக்க, ஒருவன் அடிக்க வேண்டும். முதல் கழியை என் கையில் கொடுத்தார்.

"நேரா புடி. கோணலா கீது பாரு. ரெண்டு கையாலயும்."

பிடித்தேன். அவர் படகில் ஏறி மேலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.